நூறும் தப்பு

சோமனூர்ப் பக்கம், கதவடைத்த நூல்மில்லின்
கோன் குடோனை வாடகைக்கு எடுத்திருந்தேன்.
உத்தரத்தில் பஞ்சுத்தூசி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.
நோட்டில் துளசிமணிக்குப் பெயர் ‘பிள்ளை ஏழு’.
வாயால் கூப்பிடும்போது மட்டும் அம்மிணி.

அம்மிணி என்பதை எந்த நேரத்தில்
எவ்வளவு மெதுவாகச் சொன்னால்
மறுநாள் கணக்கு ஏறுகிறது என்பதையும்
குறித்து வைத்திருக்கிறேன்,
மூன்றாம் நோட்டு, பச்சை மை.

சீட்டு நானே வரைந்தது. ஐந்து வகை:
கிணறு, காளை, பனை, நாடா, ஒன்றுமில்லாதது.
தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்புவேன்.
கால் தரைக்கு எட்டாத நாற்காலியிலிருந்து சொல்வாள்:
பனைங்க. கெணறுங்க. ஒண்ணுமில்லீங்க.
நூற்றுக்கு எழுபத்திரண்டு.
குருட்டாம்போக்கில் சொன்னால் இருபதுதான் தேறும்.

அவள் ஐயன் சென்னிமலையில் தறி ஓட்டுகிறவர்.
முதலாளியிடம் வாங்கியிருந்த அட்வான்ஸ் நாலாயிரத்தை
நான் அடைத்தேன். ஒரு வருசம் படிக்க வைக்கிறேன் என்றேன்.
படிக்கவும் வைத்தேன், அதில் பொய்யில்லை.
முட்டை, பால், கோயமுத்தூரிலிருந்து வெல்வெட் ரிப்பன்.
கணக்குக் குறைந்த நாளில் ரிப்பன் கட்டிவிட மாட்டேன்.
திட்டியதில்லை. கை ஓங்கியதில்லை.
சடையைப் பாதியில் விட்டுவிட்டு
நோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.
போதும் அது.

ஐயன் கடுதாசி போட்டார். ஏழு இன்லண்டு,
யாரோ எழுதிக்கொடுத்த கையெழுத்தில்.
மேசையின் கீழறையில் வைத்துப் பூட்டினேன்.
ஊர் நினைப்பு வந்தால் கணக்கு இறங்கும்.
“ஐயன் எழுதலீங்களா?” ஒரே ஒருமுறை கேட்டாள்.
தறியில் வேலை மும்முரமாயிருக்கும் கண்ணு என்றேன்.
சரிங்க என்றாள்.

சீட்டின் மறுபக்கம் தெரிகிற பிள்ளைக்கு
அரை அங்குலப் பலகை ஒரு மறைப்பா?
இத்தனை படித்தவனுக்குத் தோன்றவில்லை.

மார்கழியில் காய்ச்சல், நூற்று மூன்று.
பனியில் சைக்கிளை மிதித்துக் கருமத்தம்பட்டி டாக்டரை எழுப்பினேன்.
விடிய விடிய ஈரத்துணி மாற்றினேன்.
நோட்டில் அந்தத் தேதி மட்டும் காலி.
விடியும் நேரத்துக்குப் பிதற்றினாள்:
“வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டிருக்குது.
ஒண்ணு செவலை.
நீ வந்துதான் பேர் வெக்கோணும்.”
நாலாவது கடுதாசி. ஒரு எழுத்துப் பிசகவில்லை.

கண் திறந்து என் முகத்தைப் பார்த்தாள்,
சீட்டைப் பார்ப்பதுபோல.
“எம்மேல பாசமா இருக்கறாப்ல நடிக்கறதா
நெனச்சுட்டிருக்கறீங்க.
அது நடிப்பில்லீங்க.
உங்களுக்குத்தான் தெரியல.”

சந்தோசமாக இருந்தது.
அந்தச் சந்தோசத்தைத்தான் இன்றுவரை
என்னால் மன்னிக்க முடியவில்லை.
ஏனென்றால் அடுத்த நிமிசமே, மண்டையின் ஒரு மூலையில்,
இதை வைத்துக் கணக்கை எவ்வளவு ஏற்றலாம் என்று
பென்சில் ஓட ஆரம்பித்தது.
அதையும் பார்த்திருப்பாள்.

தை பிறந்து மெட்ராஸிலிருந்து மூன்று பேர் வந்தார்கள்,
பணம் கொடுக்கிறவர்கள்.
இரட்டைச் சடை நானே பின்னி ரிப்பன் கட்டினேன்.
காளைக்குப் பனை என்றாள். பனைக்கு நாடா.
கிணற்றுக்கு, ஒண்ணுமில்லீங்க.
நூறு சீட்டு. நூறும் தப்பு.

அவர்கள் காபியைக் குடித்துவிட்டு,
ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே காரேறினார்கள்.
எனக்குத்தான் கை நடுங்கியது.
கண்ணைக் கட்டிக்கொண்டு சொன்னாலும்
இருபது தானாகச் சரியாக விழுந்திருக்கும்.
நூறும் தப்பாகச் சொல்ல
நூறும் தெரிந்திருக்க வேண்டும்.
தெரிந்ததை மறைக்க அவளுக்கு
யார் கற்றுக்கொடுத்தது என்று
நான் வெளியே தேட வேண்டியதில்லை.

மறுநாள் பஸ் ஏற்றிவிடப் போனேன்.
கடுதாசி ஏழையும் நீட்டினேன், ஒட்டுப் பிரிக்காமல்
வைத்திருந்த கடைசி மூன்றும் சேர்த்து.
படிச்சாச்சுங்க என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ரிப்பனை மட்டும் அவிழ்க்காமல் போனாள்.